ரெட்டை ஸ்ட்ரோலரும் கடை வாசலும்

கணவர் துபாயில் இருக்கிறார். இரண்டு வயது மகளையும் கைக்குழந்தை மகனையும் தனியாக வெளியே கூட்டிப்போக வழியில்லாமல் வீட்டிலேயே கிடந்தேன்.

இன்று இருவரையும் உட்காரவைத்துத் தள்ளிப்போகும் வண்டி வாங்கத் தென்காசியில் ஒரு கடைக்குப் போனேன். முன்னும் பின்னுமாக சீட் வைத்த ஸ்ட்ரோலரைக் காட்டினார்கள். பின்னால் உட்கார்ந்த மகள் ஒன்றும் தெரியவில்லை என்று அழுதாள். பக்கத்துப் பக்கத்தில் சீட் உள்ளதைக் கேட்டேன்.

"அது அகலம்லா! வாசல்ல நுழையாதும்மா" என்றார் கடைக்காரர்.

"உங்க வாசல்லயே பாத்துருவோம் அண்ணாச்சி."

இருவரையும் உட்காரவைத்துத் தள்ளினேன். எங்கும் இடிக்காமல் தெருவுக்கு வந்தது. மகள் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மகளை இறக்கிவிட்டு, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டியை மடக்கி ஒரே கையால் தூக்கினேன்.

"ஏயப்பா!" என்றார் அண்ணாச்சி.

சாயங்காலம் குற்றாலச் சாரலில் புது வண்டியோடு பிள்ளைகளை எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்துக் கணவர் போனில் கேட்டார்: "யாரு கூட்டிட்டுப் போனா?"

"நாந்தான்!"

அடுத்து எங்கே போகலாம், சொல்லுங்கள். வண்டி ரெடி.