பூட்டு மாஸ்டர் பயாஸ் அப்டேட் செய்த மதியம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் அவருக்குப் பூட்டு மாஸ்டர் என்று பட்டம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து ஸ்விட்சை மறுபடி போடும் முன் "உள்ள யாரும் இல்லையே?" என்று சத்தமாகக் கேட்பார். கூட இருக்கும் ஒவ்வொருவரும் தன் வாயால் "நான் வெளிய இருக்கேன்" என்று சொன்னால்தான் ஸ்விட்ச் மேலேறும். ஒருவருக்காக இன்னொருவர் சொல்வது செல்லாது.

அது வேலையிடத்தோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? வீட்டில் மிக்ஸி போடும்போதும் கேட்பார், வாஷிங் மெஷின் போடும்போதும் கேட்பார். "யானை ஒண்ணு இருக்கு, பரவாயில்ல போடுங்க" என்பேன். சிரிக்க மாட்டார். அவர் இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுவிட்டன. எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, அவர் கப்பிக்குள் கைவிட்டு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கீழே ஒருவர் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல" என்று மட்டும் சொல்வார். இதெல்லாம் தெரிந்தும் எனக்கு எரிச்சல் வரும். நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருப்பவரோடு குடித்தனம் செய்து பார்த்தால் தெரியும்.

நான் வீட்டிலிருந்தே பல் செய்கிறேன். அதாவது, பல் மருத்துவர்கள் அனுப்பும் அளவை வைத்து, உடைந்த பல்லுக்கு மேல் போடும் உறையைக் கம்ப்யூட்டரில் வரைந்து லேபுக்கு அனுப்புவேன். திங்கட்கிழமை முதல் புது மென்பொருளில்தான் வேலை என்று லேபில் சொல்லிவிட்டார்கள். என் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் திரையில் ஒரு கடைவாய்ப் பல் திரும்புவதற்குள் எனக்கே பல் விழுந்துவிடும். வேகமான ப்ராசஸர் ஒன்றை வாங்கி வந்தோம். கடைக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். "பழைய ப்ராசஸர் இருக்கும்போதே மதர்போர்டுல பயாஸை அப்டேட் பண்ணிடுங்க. இல்லேன்னா புதுசை அது கண்டுக்கவே கண்டுக்காது. நடுவுல மட்டும் கரண்ட் போயிடக் கூடாது. போச்சுன்னா போர்டு செத்தது. இந்த மாடல் இப்ப எங்கயும் கிடைக்காது."

பயாஸ் என்பது கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் விழித்து மற்றதையெல்லாம் எழுப்புகிற சின்ன நிரல். அதை மாற்றும்போது பாதியில் நின்றால் எழுப்ப ஆள் இருக்காது. திங்கட்கிழமை என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை என்றால் என் இடத்துக்கு வேறு ஒருவர் தயாராக இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது, அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் பயப்படும் இலாகா அவருடையது.

அவருக்கோ வாழ்க்கையே தலைகீழாகிவிட்டது. இத்தனை வருடமும் கரண்ட் வந்துவிடுமோ என்று பயந்தவர், முதல் முறையாகக் கரண்ட் போய்விடுமோ என்று பயப்பட வேண்டியிருந்தது. ஞாயிறு மதியம் உட்கார்ந்தோம். ஃபிரிட்ஜோ மோட்டாரோ இழுத்து லைன் ட்ரிப் ஆகிவிடக் கூடாது என்று வாசல் பக்கத்து மெயின் பெட்டியில் கம்ப்யூட்டர் அறையைத் தவிர மற்ற ஸ்விட்ச்களையெல்லாம் இறக்கினார். பெட்டிக்குப் பூட்டும் போட்டார். சாவி சட்டைப் பைக்குள் போயிற்று. வீட்டில் இருந்தது நாங்கள் இருவரும் என் தங்கையும். அவள் விருந்தாளியாக வந்தாலும் கையில் துணியோடு எதையாவது துடைத்துக்கொண்டிருப்பவள்.

பிறகு ஆரம்பித்தது சரிபார்ப்பு. போர்டில் அச்சிட்ட எண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார். தயாரிப்பாளரின் பக்கத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டார். மறுபடி டார்ச் அடித்தார். பென்டிரைவில் இருந்த கோப்பு முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்தவர், சந்தேகம் வந்து அதை அழித்துவிட்டு மறுபடி இறக்கினார்.

"ஏங்க, என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு பார்க்கலையே."

"அது தப்பாப் போனா சமாளிக்கலாம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் அழுத்தினார். 'மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்' என்ற எச்சரிக்கைக்குக் கீழே ஒரு பட்டை நகர ஆரம்பித்தது. மூச்சு விட்டால்கூட நின்றுவிடுமோ என்பதுபோல இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி தாண்டியிருக்கும். மேசைக்கடியில் யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

எங்கள் யு.பி.எஸ். பேட்டரி தீரப்போகும்போது மட்டும்தான் கத்தும். கரண்ட் போனதும் கத்தும் சத்தம் பிடிக்காமல் நான்தான் அதை மட்டும் நிறுத்தி வைத்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. இந்த அறை முன்பு சமையலறையைச் சேர்ந்த சாமான் அறை. பழைய வீட்டுக்காரர் தடுத்து அறையாக்கினாரே தவிர லைனைப் பிரிக்கவில்லை. சமையலறை ஸ்விட்சை இறக்கியபோதே எங்களுக்கும் கரண்ட் போய்விட்டது. பட்டப்பகல், லைட் இல்லை. தூசி பறக்கும் என்று ஃபேனையும் அணைத்திருந்தோம். அவர் சரிபார்த்த நேரமெல்லாம் பேட்டரி கரைந்துகொண்டிருந்திருக்கிறது.

அவர் ஓடினார். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், தப்பித்தோம் என்று நினைத்தேன். கரண்ட் வரவில்லை.

"உள்ள யாரும் இல்லையே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பட்டை முக்கால் பங்கில் ஊர்ந்துகொண்டிருந்தது. யு.பி.எஸ். மூச்சு விடாமல் கத்தியது. "போடுங்கன்னா போடுங்க. என் வேலை போயிடும்" என்று கத்தினேன்.

"நீ வெளிய இருக்கியா?"

"இருக்கேன். போட்டுத் தொலைங்க."

"உன் தங்கச்சி?"

"அவ எங்கயாவது துடைச்சிட்டு இருப்பா. போடுங்க."

"அவ சொல்லணும்."

அந்த நொடியில் பெட்டி முன்னால் நான் நின்றிருந்தால் யோசிக்காமல் ஸ்விட்சைத் தூக்கியிருப்பேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து தங்கையின் குரல் நிதானமாக வந்தது. "இருங்க அத்தான். கரண்ட் இல்லையேன்னு எக்ஸாஸ்ட் ஃபேனைத் துடைச்சிட்டு இருக்கேன். கை உள்ள இருக்கு."

அந்த ஃபேனின் ஸ்விட்சை நாங்கள் அணைப்பதே இல்லை.

"எடுத்துட்டியா?" என்றார் அவர்.

"எடுத்துட்டேன். ஸ்டூல்ல இருந்தும் இறங்கிட்டேன். நான் வெளிய இருக்கேன்."

ஸ்விட்ச் மேலேறியது. சமையலறையில் அந்த ஃபேன் சரசரவென்று சுழன்றது. யு.பி.எஸ். வாயை மூடிக்கொண்டது. பட்டையைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எழுந்து போய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன். முழங்கை வரை எண்ணெய்ப் பிசுக்கு. "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றிருந்தார். வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. போர்டு போய்விட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பிறகு மெல்ல எழுத்துகள் வந்தன. பயாஸின் புது எண்ணை அவர் விரல் வைத்து வாசித்தார். பாதி விரல்தான்.

அதன்பின் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பழைய ப்ராசஸரைக் கழற்றி, புதியதை ஓரத்தில் பிடித்து உட்காரவைத்தார். நான் டார்ச் பிடித்தேன். கேலி எதுவும் பேசவில்லை. மூடியை மாட்டி, பிளக்கைச் செருகி, பவர் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள யாரும் இல்லையே?"

"நான் வெளிய இருக்கேன் அத்தான்" என்றாள் தங்கை, சோபாவிலிருந்து.

அவர் என்னைப் பார்த்தார். யானை எதுவும் என் வாயில் வரவில்லை.

"நானும் வெளியதாங்க இருக்கேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுத்தினார்.