தவிட்டுக்குக் கொடுத்த பெண்

பூங்காவனத்துக்குப் பிறந்தவை மூன்று. மூன்றும் பெண். முதலாவது எட்டாம் மாதத்தில் ஜன்னி கண்டு போயிற்று. இரண்டாவது தவழத் தொடங்கிய வாரத்தில் வயிற்றுப்போக்கில் போயிற்று. மூன்றாவது இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, தாம்பரத்தில். அவளை ‘அத்தை’ என்று கூப்பிடுகிறது.

ஆரணி கொசப்பாளையத்தில் பட்டுத்தறி போட்டிருந்த கந்தசாமியின் பெண்சாதி பூங்காவனம். பக்கத்து வீடு ராஜவேலு. கந்தசாமியும் ராஜவேலுவும் ஒரே தறியில் தொழில் பழகியவர்கள். ராஜவேலுவின் பெண்சாதி விருத்தாம்பாள் தேசூர்ப் பக்கத்துப் பெண், கூடப்பிறந்தவன் இல்லாதவள். வாழ்க்கைப்பட்டு வந்த அன்றைக்கே கந்தசாமியை ‘அண்ணா’ என்றாள். அதனால் பூங்காவனம் அவளுக்கு அண்ணியானாள். இரத்த உறவு ஒரு சொட்டும் கிடையாது. ஆனாலும் ஒரு வீட்டுக் குழம்பு மறு வீட்டுக்குப் போகாத நாள் இல்லை. விருத்தாம்பாளுக்கு எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லை.

தொண்ணூற்றொன்று தை மாதம் மூன்றாவது பெண் பிறந்தது. மருத்துவச்சி காத்தாயி குழந்தையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“த பாரு பூங்காவனம், எமனுக்கு உன் வூட்டு வாசப்படி நல்லா தெரிஞ்சிபோச்சி. இதையாவது உன் புள்ளைன்னு சொல்லாத. தவுட்டுக்குக் குடுத்துடு.”

பிள்ளை தங்காத வீடுகளில் செய்வதுதான் இது. பதினோராம் நாள் குழந்தையை முறத்தில் போட்டுப் பின்வாசலில் நீட்டினார்கள். விருத்தாம்பாள் ஒரு படி தவிட்டை அளந்து கொட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள். “யார் புள்ள?” என்று காத்தாயி மூன்று தரம் கேட்டாள். “விருத்தாம்பா புள்ள” என்று மூன்று தரமும் பூங்காவனமே சொன்னாள். மற்ற வீடுகளில் அதோடு சரி. வாங்கினவள் பாயசம் குடித்துவிட்டுப் போவாள், பிள்ளை பெற்றவள் மடியிலேயே வளரும். எமன் ஏமாந்தால் போதும்.

இந்தப் பெண்ணுக்கு எட்டாம் மாதம் காய்ச்சல் வந்தது. அதே எட்டாம் மாதம். ராஜவேலு அப்போது சென்னையில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் வேலை கிடைத்துச் சாமான் கட்டிக்கொண்டிருந்தான். பூங்காவனம் ஓடிப்போய்க் குழந்தையை விருத்தாம்பாளின் தோளில் போட்டாள்.

“இந்த ரெண்டு மாசம் கண்டம். இங்க வெச்சிகினா பொழைக்காது. நீயே தூக்கிகினு போ. கண்டம் தாண்டினதும் வந்து தூக்கியாறேன்.”

யாரும் அவள் கையிலிருந்து பிடுங்கவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செய்யாறு தாண்டும்போதே காய்ச்சல் விட்டுவிட்டதாக ராஜவேலு கார்டு போட்டான். தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. ஆனால் குழந்தை ஆரணியில் இருந்தால் சாகும், தாம்பரத்தில் இருந்தால் பிழைக்கும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் பூங்காவனத்தின் நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் இறங்கிற்று. முதல் வருஷம் தூக்கிவரப் போனாள். போன இடத்தில் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது, வெறுங்கையோடு திரும்பினாள். அடுத்த வருஷம் அவள் வயிற்றில் தங்கியது ஐந்தாம் மாதம் கலைந்தது. பார்த்தாயா, இந்த வீட்டுக்கே ஆகவில்லை, இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றாள். ஒவ்வொரு வருஷமும் அப்படியே போயிற்று. குழந்தைக்கு ராதிகா என்று பெயர் வைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பூங்காவனம் மனசுக்குள் அவளைச் சின்னக்கண்ணு என்றுதான் கூப்பிட்டாள்.

காத்தாயி சாகக் கிடந்தபோது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். தவிட்டுக்குக் கொடுத்ததைத் திரும்ப அழைக்க வேண்டுமானால், வாங்கின தவிட்டை, பிள்ளையை வாங்கினவள் கையிலேயே அளந்து கொடுக்க வேண்டும். அதுவும் பிள்ளைக்குப் பத்து வயசு முடிவதற்குள். பத்து முடிந்தால் கொடுத்தது கொடுத்ததுதான்.

இரண்டாயிரமாவது வருஷம் பொங்கல் கழித்து வேலூரில் பூங்காவனத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்து எழுந்து வந்தவள் புருஷனிடம் சொன்னாள்.

“இந்தக் கோடை லீவுல போயி பொண்ணக் கூட்டியாந்துடணும். தைக்குப் பத்து முடியுது.”

கந்தசாமி இழை போட்டுக்கொண்டே, நிமிராமல், “போலாம்” என்றான். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

சித்திரை கடைசியில் கிளம்பினார்கள். ஒரு சீப்புக்கு இரண்டு சீப்பாகப் படவேட்டு வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை, ராதிகாவுக்குப் பட்டுப் பாவாடை. அதுதவிர ஒரு மஞ்சப்பை. காஞ்சிபுரத்தில் பஸ் மாறும்போது கந்தசாமி அதைத் தூக்கிப் பார்த்தான்.

“இன்னாடி இது, பஞ்சு மாரி இருக்குது?”

“தவுடு.”

அவன் பையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டான். தாம்பரத்தில் இறங்கும் வரை கீழே வைக்கவில்லை.

வீட்டுக்குள் நுழையுமுன் ராதிகா ஓடி வந்தாள். “அத்த வந்துட்டாங்க! மாமா வந்துட்டாரு!” காதில் தொங்கட்டான் ஆட, பல் ஒன்று விழுந்து, கந்தசாமியின் அம்மாவை உரித்து வைத்த முகம். பூங்காவனம் அவள் தலையை மோந்து பார்த்தாள்.

“அத்த, ஏன் எப்பப் பாத்தாலும் என் தலைய மோந்து பாக்குறீங்க?”

“பேன் இருக்குதான்னு பாக்குறாங்க” என்று ராஜவேலு சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

விருத்தாம்பாள் பைகளை வாங்கிச் சமையல்கட்டில் வைத்தாள். மஞ்சப்பையை அவிழ்த்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு முன்னிருந்த முடிச்சையே போட்டுச் சுவரோரம் வைத்துவிட்டு, “அண்ணி, காப்பியா டீயா?” என்றாள். அவள் குரல் ஒரு இழை கூட மாறவில்லை. அன்று சாயங்காலம் முழுவதும் பூங்காவனம் வாயைத் திறக்கப் போவதும் மூடுவதுமாக இருந்தாள். அவள் திறக்கும்போதெல்லாம் விருத்தாம்பாள் எதையாவது வதக்கினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. “ஆரணியில இருந்துகினு நீங்க புலிய எங்க பாத்தீங்க? ஜல்தியா கிளம்புங்க, வண்டலூர் போறோம்” என்றான் ராஜவேலு. புளிசாதம் கட்டிக்கொண்டு ஐந்து பேரும் போனார்கள்.

அந்த வெயிலுக்குப் புலி மர நிழலில் செத்ததுபோல் படுத்திருந்தது. “இதப் பாக்கவா இவ்ளோ தூரம் நடந்தோம்? எங்க தெருவுல மத்தியானம் எல்லா ஆம்பளையும் இப்பிடித்தான் கெடப்பானுங்க” என்றான் கந்தசாமி. ராதிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் அவளுக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் நடந்த பூங்காவனம் இரண்டு பேருடைய நடையையும் பார்த்தாள். இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கிற அதே நடை. பார்க்கிறவர்கள் யாரானாலும் சொல்லிவிடுவார்கள் அப்பனும் மகளும் என்று.

நீர்யானைத் தொட்டியருகே சந்தர்ப்பம் கிடைத்தது. மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். ராதிகா கம்பியைப் பிடித்துக்கொண்டு பலகையில் எழுதியிருந்ததை அத்தைக்குப் படித்துக் காட்டினாள். தண்ணீரில் இரண்டு மூக்குத் துவாரம் மட்டும் தெரிந்தது.

“கண்ணு, உனக்கு ஒண்ணு சொல்லணும். உன்ன அம்மா எப்பிடி வாங்குனாங்கன்னு தெரியுமா?”

“ஓ, தெரியுமே. தவுட்டுக்கு.”

“யாரு சொன்னா?”

“எல்லாருந்தான் சொல்றாங்க. நான் அடம் புடிச்சா அப்பா சொல்வாரு, ‘உன்னத் தவுட்டுக்கு வாங்கினோம், திருப்பிக் குடுத்துடுவேன்’னு. எங்க கிளாசுல பானுப்ரியாவையும் தவுட்டுக்குத்தான் வாங்குனாங்களாம். திலகவதியப் பேரீச்சம்பழத்துக்கு. பழைய இரும்பு போட்டு!”

“இல்ல கண்ணு, நெசமாலுமே. உன்னக் குடுத்தது நான். நான்தான் முறத்துல வெச்சிக் குடுத்தேன். நீ பொறந்தது ஆரணியில. எங்க வூட்டுல.”

ராதிகா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தச் சின்ன முகத்தில் ஏதோ ஓடிற்று. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். விழுந்த பல்லின் சந்து தெரியச் சிரித்தாள்.

“அய்யோ அத்த, நீங்க சொல்றப்ப நெசமாட்டமே இருக்குது! அப்பாவுக்குக் கூட இப்பிடி சொல்லத் தெரியாது!” என்றவள் கையைத் தட்டிக்கொண்டே ஓடினாள். “அம்மா! அம்மா! என்னத் தவுட்டுக்கு வித்தது அத்தையாமா! அழறாமாரி வேற சொல்றாங்க!”

தண்ணீர்க் குழாயடியில் நின்ற நாலைந்து குடும்பங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. முன்பின் தெரியாத ஒரு அம்மாள் தன் பையனிடம், “பாத்தியா, உன்னையும் அப்பிடித்தான்” என்றாள். ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டான். விருத்தாம்பாள் முகம் சுண்ணாம்பாகி, பிறகு அவளும் சிரித்தாள். “அத்தைக்கு எப்பவும் வெளயாட்டுதான்” என்று சொல்லிப் பெண்ணின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அழுந்தத் துடைத்தாள்.

நாட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் விளையாட்டாய்ச் சொல்கிற வார்த்தை. அதை நிஜமாகச் செய்தவள் இனி எந்த வார்த்தையால் சொல்வாள்?

புங்கமரத்தடியில் புளிசாதம் பிரித்தார்கள். விருத்தாம்பாள் எல்லோருக்கும் வைத்துவிட்டு, கந்தசாமியின் இலையில் இன்னொரு கை வைத்தாள்.

“அண்ணா, ஒண்ணு கேட்டா மறுக்கக் கூடாது.”

“கேளும்மா.”

“இன்னும் ரெண்டு மூணு வருசத்துல இவ பெரிய மனுசி ஆயிடுவா. எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. உன்னத்தான் அண்ணான்னு கூப்புட்டுகினு இருக்கறேன். தாய்மாமனா இருந்து நீதான் சீர் செய்யணும். குச்சு கட்டறதுலேர்ந்து எல்லாம்.”

ராதிகா வெட்கப்பட்டு இலையில் முகத்தைப் புதைத்தாள். பூங்காவனம் புருஷனைப் பார்த்தாள். மாமன் சீர் செய்தவன் மாமன். நாலு பேர் முன்னால் மாமனாக நின்றவன் அப்புறம் எந்த ஜென்மத்தில் அப்பனாவது? விருத்தாம்பாள் கேட்டது சீர் இல்லை. அது அவளுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். ‘வேணாம், வேணாம்’ என்று பூங்காவனம் கண்ணாலேயே கத்தினாள்.

கந்தசாமி பிசைந்த சோற்றை உருட்டி இலை ஓரத்தில் வைத்தான்.

“ஆவட்டும்மா. நான் இருக்கறேன்” என்றான்.

மறுநாள் காலை புறப்படும்போது விருத்தாம்பாள் சமையல்கட்டிலிருந்து மஞ்சப்பையை எடுத்து வந்தாள். போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. “இத மறந்துட்டுப் போறீங்களே அண்ணி” என்று கையில் கொடுத்தாள். பூங்காவனம் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பஸ் வாலாஜாபாத் தாண்டியதும் பூங்காவனம் கேட்டாள்.

“ஏன்யா ஒத்துகின?”

“கூட்டியாந்து இன்னா பண்றது? ராத்திரியில எழுந்து அம்மா அம்மான்னு அழுவும். எந்த அம்மாவக் கேக்குதுன்னு உனக்குத் தெரியாதா?”

“நாலு நாள்ல பழகிக்கும்.”

“செரி, பழகிக்கட்டும். நம்ம வூட்டுக்கு வந்து, ஒரு காய்ச்ச வந்துச்சின்னா?” என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். “நெஞ்சத் தொட்டுச் சொல்லு. உனக்குப் பயமா இல்ல?”

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் நெஞ்சில் இறங்கிய ஆணி அப்படியே இருந்தது. பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது பையின் முடிச்சை அவிழ்த்து, ஜன்னல் வழியாகத் தவிட்டைக் கொட்டிவிட்டாள். காற்று பாதியைத் திருப்பி உள்ளேயே அடித்தது. பின்சீட்டுக்காரன், “எம்மா, கண்ணுல போவுது!” என்று சத்தம் போட்டான்.

இரண்டாயிரத்து மூன்று ஆவணியில் ராதிகா பெரியவளானாள். கந்தசாமி தன் கையால் நெய்த அரக்குப் பட்டை எடுத்துக்கொண்டு போனான். தென்னங்கீற்றால் குச்சு கட்டினான், மாமன் மாலை போட்டான். போட்டோக்காரன் “மாமா, பொண்ணு பக்கம் நெருங்கி நில்லுங்க” என்றபோது நெருங்கி நின்றான்.

மஞ்சள் நீர் ஊற்றப் பெண்களைக் கூப்பிட்டார்கள். பூங்காவனமும் சொம்பை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். ராஜவேலுவின் வழியில் பெரியம்மா முறை, அபிதகுசாம்பாள் என்ற கிழவி வரிசையை ஒழுங்கு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ யாரும்மா?”

“மாமன் பொண்சாதி.”

“அப்பிடியா, நல்லா இரு. எத்தினி புள்ளைங்க உனக்கு?”

மனையில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். தலையில் பூ, கன்னமெல்லாம் மஞ்சள். விருத்தாம்பாள் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

“இல்லைங்க” என்றாள் பூங்காவனம்.

“தப்பா நெனைக்காதம்மா. புள்ளக்காரிங்கதான் ஊத்தணும். பொண்ணுக்கு ஆவாது.”

பொண்ணுக்கு ஆகாது என்று கேட்டதும் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். விருத்தாம்பாள் “அண்ணி...” என்று ஒரு எட்டு வைத்தாள். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பின்கட்டுக்குப் போய் நின்றாள். அங்கே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பெண் குளிரில் “ஸ்ஸ்” என்பதும், பெண்கள் சிரிப்பதும் கேட்டது. ஒரு தும்மல் கேட்டது. காய்ச்சல் வந்துவிடப் போகிறதே, ஜல்தியாகத் தலையைத் துவட்டச் சொல்லுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் விருத்தாம்பாள் உள்ளே சத்தம் போட்டாள், “போதும் போதும், புள்ளைக்குச் சளி புடிச்சிக்கும், துண்டு எடுங்க.”

பூங்காவனம் சுவரில் சாய்ந்துகொண்டாள்.