கருமாதி முடிந்தவனின் விடுதலை

சிறைத்துறையில் எனக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் நல அலுவலர். வார்டர்கள் எனக்கு 'நலமா ஐயா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நேரில் விறைப்பாக வணக்கம் வைப்பார்கள். நான் நாலடி நகர்ந்ததும் ஒருவரையொருவர் 'நலமா, நலமா' என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் நான் அங்கே செய்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுதான். நலமா என்று கேட்பேன், கைதி நலம் என்பான், அடுத்தவனிடம் போவேன்.

எங்கள் குடியிருப்பு சிறை மதிலை ஒட்டியே இருந்தது. உள்ளே அடிக்கிற மணியைக் கேட்டுத்தான் வெளியே எங்கள் வீடுகளில் உலை வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பினார்கள். ஊருக்குள் வாடகைக்குப் போகலாமென்றால் ஜெயில்காரனுக்கு வீடு தர யாருக்கும் மனசு வராது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், ஆனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நாம் என்ன வேலை என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார். இந்த லட்சணத்தில்தான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கைதி விடுதலையாகிப் போகும் முன்பே அவன் ஊரைத் தயார் செய்ய வேண்டுமாம். எங்களையே பக்கத்தில் சேர்க்காத ஊரை நாங்கள் தயார் செய்ய வேண்டும் என்று படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஒழுங்காக இருந்த ஆயுள் கைதிகள் சிலரை முன்னதாகவே விடுவிக்கலாம் என்று முடிவானது. அதற்கு முன் ஊரில் போய் விசாரிக்க வேண்டும். ஊர் ஏற்குமா, தங்க வீடு உண்டா, செத்தவரின் குடும்பம் என்ன சொல்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். அப்படி என் பங்குக்கு வந்தவர்களில் ஒருவன் ஜவ்வாது மலைக்காரன். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். நிலத்து ஓரத்தில் நின்ற பலாமரம் யாருக்கு என்ற சண்டையில், குடிவெறியில், தன் ஊர்க்காரன் ஒருவனைக் கொடுவாளால் வெட்டிக் கொன்றுவிட்டு வந்தவன். வரும்போது மீசை அரும்பிய வயசு, கல்யாணமான புதுசு. நான் பார்க்கும்போது காதோரம் நரைத்திருந்தது. சிறைச் சமையற்கட்டில் களி கிண்டுவான். இத்தனை வருஷத்தில் அவனைப் பார்க்க ஒரு ஆள் வந்ததில்லை. 'ஊருக்குப் போகணுமா?' என்று கேட்டேன். வேறென்ன வேணும் ஐயா என்பது மாதிரி என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

துணைக்கு ஒரு வயசான வார்டரை அழைத்துக்கொண்டேன். ஆலங்காயத்துக்காரர். மலையடிவாரத்தில் பிறந்தவர் என்பதால் மேலே யாரிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும். ஆலங்காயத்தில் இறங்கி, புளி ஏற்றப் போகும் ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டோம். ஜீப் நின்ற இடத்திலிருந்து நடை. வழியெல்லாம் நான் வெட்டுப்பட்டுச் செத்தவனின் தம்பியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் மறுத்துவிட்டால் எல்லாம் போச்சு. விசாரணைக்குப் போன வேறு ஊர்களில் செத்தவரின் பங்காளி வீட்டார் அரிவாளைக் காட்டிப் பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். செத்தவனின் தம்பியும் வந்து உட்கார்ந்தார். என்னைவிட இளையவர், சாமை வயலிலிருந்து நேராக வந்திருந்தார். நான் பீடிகையெல்லாம் போட்டு, உங்களுக்கு அவன்மேல் கோபம் இருப்பது நியாயம்தான் என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"செத்தவன் மேல இன்னா கோவம் சாமி?" என்றார்.

அவர் சொன்னது தன் அண்ணனை இல்லை, எங்கள் கைதியைத்தான் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கவுண்டர்தான் விவரம் சொன்னார். கோர்ட்டுக்குப் போயிருந்தவர்கள் வந்து, ஆயுசு முழுக்க உள்ளேதான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆயுசு முழுக்க என்றால் முழுக்கத்தான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அதில் குறைக்கிறது, கழிக்கிறது எல்லாம் உண்டென்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? ஊரில் அப்போது இரண்டு வீடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தது. ஒரு கிணறு, ஒரு கோயில், ஒரு வழி. அதனால் கூடிப் பேசி, வெட்டுப்பட்டவனுக்கும் வெட்டியவனுக்கும் சேர்த்தே கருமாதி செய்வதென்று முடிவு செய்தார்கள். ஊருக்கு இனி வராதவனுக்கு அப்படிச் செய்வது அங்கே வழக்கம்தான். சாமைத் தாளில் ஆள் மாதிரி கட்டி, அவன் வேட்டியைச் சுற்றி எரித்தார்கள். இரண்டு வீட்டு ஆண்களும் ஒன்றாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார்கள். ஒரே பானையில் பொங்கி இரண்டு வீடும் சாப்பிட்டது. அதோடு பகை தீர்ந்தது. அவன் பெண்டாட்டி அப்பன் வீட்டுக்குப் போய் வேறு கல்யாணமும் ஆகிவிட்டது.

நான் சட்டம் பேசினேன். அவன் உயிரோடு இருக்கிறான், நேற்றுக்கூட என்னோடு பேசினான் என்றேன். தம்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவன் அங்க நல்லாருக்கட்டும் சாமி. இங்க வந்தா எங்க அண்ணன் மட்டும்தான செத்தாருன்னு ஆவும். அப்பறம் நான் எப்பிடி கம்முனு இருக்கறது?"

படித்தவன் என்ற திமிரோடு மலையேறிப் போனவன், அங்கே உட்கார்ந்து மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். வார்டர்தான் கவுண்டர் பக்கம் நகர்ந்து, மெதுவாக, வேறு வழியே இல்லையா என்று கேட்டார். கவுண்டருடைய அப்பன் காலத்தில் ஒருமுறை நடந்ததாம். அசாமுக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய்த் தொலைந்து, கருமாதி முடிந்தபின் வந்து நின்ற ஒருவனை மறுபடி ஊரில் சேர்த்தார்கள். பெற்றவள் அவனை மறுபடி பெற வேண்டும். ஊர் எல்லையில் குடிசை போட்டு, அவள் சேலைக்குள் அவனை உட்காரவைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நாக்கில் தேன் தடவி, புதுப்பெயர் வைக்க வேண்டும். அப்புறம் அவன் அந்த ஊரில் அன்றைக்குப் பிறந்த பிள்ளை. பிள்ளைமேல் யாருக்கும் பகை கிடையாது. தம்பியும் தலையாட்டினார். பிள்ளையாக வந்தால் வரட்டும் என்றார்.

அவனுடைய அம்மா உயிரோடுதான் இருந்தாள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். விறகுச் சுமையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். ஒடிசலான உடம்பு, ஆனால் நிமிர்ந்த நடை. மகன் திரும்பி வரலாம் என்று கவுண்டர் சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கருமாதி முடிந்தவனைப் போய்ப் பார்க்கக் கூடாதென்று இத்தனை வருஷம் அவள் சிறைப் பக்கமே வந்ததில்லை. அவனை மறுபடி பெற்றுக்கொள்வாயா என்று கவுண்டர் கேட்டார். அவள் என்னைத்தான் பார்த்துப் பேசினாள்.

"ஒருவாட்டி பெத்தவளுக்கு இன்னொருவாட்டி கஷ்டமா சாமி? சீக்கிரம் அனுப்புங்க. நான் உசுரோட கீறப்பவே அனுப்புங்க."

அனுப்புகிறேன் என்றேன். ஏதோ சாவி என் இடுப்பில் தொங்குவது மாதிரி.

சிறைக்குத் திரும்பி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குக் கருமாதி நடந்ததே அன்றைக்குத்தான் தெரியும். கத்துவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வீட்டுத் தம்பியும் மொட்டை போட்டுக்கொண்டாரா என்றான். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லாதான் செஞ்சிருக்காங்க என்றான். அம்மா சொன்னதைச் சொன்னபோது வெட்கப்பட்டுச் சிரித்தான். வயசான வார்டர் அதற்கப்புறம் அவனை விடவில்லை. காலையில் கதவு திறக்கும்போது, பாப்பா எழுந்தாச்சா என்பார். களி கிண்டிக்கொண்டிருப்பவனிடம், பால்குடிப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய துடுப்பு என்பார். அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட சிரிப்பில் மனசார இருந்தது அது ஒன்றுதான்.

ஊருக்கு ஆட்சேபம் இல்லை, வீடு இருக்கிறது, தாயார் இருக்கிறார் என்று எழுதி அனுப்பினேன். உத்தரவு வரவில்லை. கேட்டால், விடுதலையை முடிவுசெய்யும் குழு கூடவில்லை என்றார்கள். கூடிய குழுவில் ஒருவர் மாற்றலாகிப் போனார் என்றார்கள். புதிதாக வந்தவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் தேநீர் வாங்கிக்கொடுத்துத்தான் பேசினார்கள். எனக்கு அந்தத் தேநீர் நாற்றமெடுத்தது. மலையில் ஒரு கிழவிக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லியும் பார்த்தேன். எல்லாக் கைதிக்கும் அம்மா உண்டு சார் என்றார் ஒருவர்.

மலையில் சாமை அறுத்து, மறுபடி விதைத்து, மழையும் பிடித்துக்கொண்டது. அந்த மழையில்தான் அவள் காய்ச்சலில் படுத்துப் போய்ச் சேர்ந்தாள். புளி ஜீப் ஓட்டுபவர் மறுநாள் விடியற்காலையிலேயே ஆலங்காயத்தில் சொல்ல, அங்கிருந்து வார்டரின் வீட்டுக்கு வந்து, அவர் காதுக்கு எட்டியது. யார் போய்ச் சொல்வது என்று என்னிடம் வந்து நின்றார். அந்த மனிதர் தூக்குக்குப் போனவர்களுக்குத் துணை நின்றவர். அன்றைக்கு அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இருவருமாகச் சமையற்கட்டுக்குப் போய்ச் சொன்னோம். கேட்டுவிட்டு அவன் அடுப்பைக் கொஞ்சம் தணித்தான், களி அடிப்பிடிக்காமல்.

அவசர விடுப்பில் அனுப்பிவைக்க எனக்கு வழி இருந்தது. அன்று மத்தியானமே போலீஸ் காவலோடு அனுப்ப ஏற்பாடு செய்கிறேன், போய்க் கொள்ளி வைத்துவிட்டு வா என்றேன்.

"செத்தவன் எப்பிடி ஐயா கொள்ளி வெப்பான்?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் துடுப்பை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தான்.

அவன் விடுதலை உத்தரவு அடுத்த பலாப்பழக் காலத்தில் வந்தது. நான் கவுண்டருக்குச் சொல்லியனுப்பினேன். பெரியம்மா, சித்தி, யாராவது செய்யக் கூடாதா என்று கேட்டேன். பெத்தவ இல்லாம பொறப்பு ஏது என்று பதில் வந்தது. வாசலில் அவனை வெளியே விட்ட அன்று எங்கே போவதென்று அவனுக்குத் தெரியவில்லை. வார்டர்தான் ஆலங்காயத்தில் தனக்குத் தெரிந்த புளி மண்டி ஒன்றில் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

நான் வேறு சிறைக்கு மாற்றலாகிப் போனேன். எண்பதுகளின் நடுவில், ஓய்வுபெற்ற அந்த வார்டர் உடம்புக்கு முடியாமல் இருக்கிறார் என்று பார்க்க ஆலங்காயம் போனபோது மண்டிக்கும் போனேன். புளிக்காலம். மலை ஜீப் ஒன்று வந்து நின்றிருந்தது. அதிலிருந்து மூட்டையோடு இறங்கியவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, செத்தவனின் தம்பி. அடிதடி ஆகிவிடுமோ என்று ஓரடி முன்னே போனேன். எங்கள் ஆள் எழுந்து போய், அவர் தலையிலிருந்த மூட்டையைத் தாங்கி வாங்கித் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான். இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

"மேல மழை எப்பிடிங்க?" என்றான்.

"பரவால்லீங்க" என்றார் அவர். தண்ணீர் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கு இன்னா ஊருங்க?"

"இங்கதாங்க. ஆலங்காயம்."

அவர் தலையாட்டினார். போய்ட்டு வர்றேங்க என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். வருஷா வருஷம் இப்படித்தான், ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வியைக் கேட்பார், அவனும் அதே பதிலைச் சொல்வான் என்று மண்டிக்காரர் என்னிடம் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. அவனைத் தனியே இழுத்துப்போய், என்ன கூத்து இது, உத்தரவு கையில் இருக்கிறது, வா, அடுத்த ஜீப்பில் நானே கூட்டிப்போகிறேன், எவன் தடுக்கிறான் பார்க்கலாம் என்று கத்திவிட்டேன். அவன் என் கையைப் பிடித்து ஒரு மூட்டைமேல் உட்காரவைத்தான்.

"யாரும் தடுக்கமாட்டாங்க ஐயா. அவரு எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிக்கிறாரு பாருங்க, மேல போனா அது இல்லாம பூடும்." ஜீப் போன வழியைத் திரும்பிப் பார்த்தான். "எங்கம்மா இருந்திருந்தா, பொறந்துட்டுப் போயிருப்பேன்."