தொப்பி லைட்டும் அத்தையோட மெழுகுதிரியும்

எனக்கு மனசுல ஒண்ணு வச்சிக்கிட்டு உதட்டுல ஒண்ணு பேச வராது. பட்டுனு சொல்லிப்புடுவேன். கல்யாணமாகி இந்தத் திருமானூருக்கு வந்த நாள்லேர்ந்து எங்க அத்தை லீலா மேரிக்கும் எனக்கும் ஒத்துப்போகாததுக்கு அந்த ஒரு காரணமே போதும். அவுங்க பையன், என் வூட்டுக்காரரு லியோ பிரபு அப்படியில்ல. வூட்டுல ரெண்டு பொம்பளைங்க மூஞ்சத் தூக்கி வச்சிருந்தாலும் நடுவுல உக்காந்து சோறு தின்னுட்டு, கொழம்பு நல்லாருக்குன்னு பொதுவா சொல்லிட்டு எழுந்திரிச்சிப் போற மனுசன்.

அரியலூர்ல அழகேசன் அண்ணனோட ஃபிளெக்ஸ் கடையில அவருதான் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தேர்த்திருவிழா, கண்ணீர் அஞ்சலின்னு எங்க பக்கத்து ரோட்டுல காத்துல ஆடுன பேனர்ல பாதி அவரு செஞ்சது. ஒருத்தர் செத்துப்போனா ரேஷன் கார்டுல இருக்குற போட்டோவத்தான் தூக்கியாருவாங்க. அதுலேர்ந்து ஒரு மனுச மூஞ்சிய எடுத்து, சட்டைக் காலர சரி பண்ணி, பாக்குறவங்க அழுவுற மாதிரி ஆக்கிக் குடுப்பாரு. அதவிடப் பெரிய வித்தை சொந்தக்காரங்க போட்டோவ அடுக்குறது. தாய்மாமன் படம் சித்தப்பா படத்தவிட ஒரு நூல் சின்னதாப் போச்சுன்னா மண்டபத்துலயே அடிதடி ஆயிடும். இவரு போட்ட பேனர்ல ஒரு நாளும் சண்ட வந்ததில்ல.

வந்த கேடு வேற வழியா வந்துச்சு. பேனர் கட்டுற ஆளு வரலன்னு ஒரு நாளு இவரே சாரத்துல ஏறிட்டாரு. ஏறச் சொல்லி யாரும் சொல்லல, அழகேசன் அண்ணன் அப்ப கடையிலயே இல்ல. காத்து பேனரத் தள்ளுச்சு, பேனர் இவரத் தள்ளுச்சு. கழுத்துல அடி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா கெடந்து உயிரோட வந்தாரு. தல திரும்பும், பேச்சு நல்லா இருக்கு, தோள் கொஞ்சம் அசையும். கை ரெண்டும் மடியில வச்சா வச்ச எடத்துலயே இருக்கும்.

என் பயம் என்னன்னு சொல்லிடறேன். எங்க அக்கா திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கா. எனக்கும் ஒரு வேல பேசி, அடுத்த மாசம் மொத திங்கக்கிழம வந்து சேந்துக்கன்னுட்டா. துணி மடிச்சிப் பையில வச்சு கதவோரம் சாத்தியாச்சு. போனா சாப்பாட்டுக்கு வழி உண்டு. ஆனா இவர ராத்திரியில பொரட்டிப் படுக்கப் போடறது யாரு? ஒரே பக்கமாப் படுத்தா முதுகு புண்ணாயிடும், புண்ணு உள்ள போனா ஆளே போயிடும்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்புனாரு. அத்தைக்கு முட்டி வலி, குனிஞ்சா நிமிர முடியாது. இவரு போ போன்னுதான் சொன்னாரு.

அப்பதான் அந்த ரிமோட்டு வந்துச்சு. வந்துச்சு என்ன, பரண் மேல கெடந்துச்சு. சிங்கப்பூர்லேர்ந்து அவரு சிநேகிதரு எப்பவோ வாங்கியாந்த டிவி கேமோட ரிமோட்டு, கையில புடிச்சி ஆட்டி வெளாடறது. வெள்ளையா, டிவி ரிமோட்டு மாதிரியே இருக்கும், வயரு கெடையாது. இவரு போன்ல வாயால கேட்டு என்னத்தையோ வீடியோ பாத்துட்டு, அத எடுத்துட்டு வான்னாரு. குடும்பம் இருக்குற இருப்புல ஒங்களுக்கு வெளாட்டு கேக்குதான்னு நான் கத்துனேன். அவரு பொறுமையா வெளக்குனாரு. ரிமோட்டு மூக்குல ஒரு கண்ணு இருக்காம். டிவி ரிமோட்டு முன்னாடி இருக்குற குட்டி பல்பு ஒரு வெளிச்சம் விடுதுல்ல, அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, இந்தக் கண்ணுக்குத் தெரியும். அந்த பல்ப நான் தலயில மாட்டிக்கிட்டு, ரிமோட்ட கம்ப்யூட்டர் மேல என்னயப் பாக்குற மாதிரி வச்சா, தல போற பக்கம் திரையில மவுஸ் அம்பு போகும். கை வேணாம், சுபான்னாரு.

நம்பல. ஆனா செஞ்சேன். தெருமுனை டிவி ரிப்பேர் கடையில வயர ஒட்டுற சால்டரிங் கம்பி எரவல் வாங்கி, பழைய டிவி ரிமோட்ட ஒடச்சி பல்ப எடுத்து, பேட்டரியோட சேத்துப் பத்தவச்சு அவரு தொப்பி முன்னாடி மாட்டுனேன். அவரு வாயால சொல்லச் சொல்ல என் கையி வேல செஞ்சுது. சுட்டுக்கிட்ட வெரல வாயில வச்சிக்கிட்டு அவரத் திட்டுவேன், அவரு அடுத்த வயரச் சொல்லுவாரு. ரிமோட்டையும் கம்ப்யூட்டரையும் வயரில்லாம இணைக்குறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் தாவு தீந்துடுச்சு. அப்புறம் ஒரு நாளு அவரு தலயச் சாய்ச்சாரு, அம்பு சாஞ்சிது. தலய நிறுத்துனாரு, நின்ன எடத்துல அதுவே அழுத்திக்கிச்சு. அப்படி ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தாரு, அம்பு கொஞ்சம் நின்னா அழுத்துனதா அர்த்தம். எனக்கு அழுக வந்துட்டுது. அவரு என் பேர திரையில தமிழ்ல எழுதிக் காட்டுனாரு, ரெண்டெழுத்துக்கு அவ்வளவு நேரம் ஆச்சு.

பகல்ல மட்டும் தகராறு பண்ணுச்சு. வெயிலுலயும் அந்தக் காணாத வெளிச்சம் இருக்காம், அம்பு தடுமாறும். சன்னல்ல போர்வையத் தொங்கவிட்டேன், சரியாப் போச்சு. அதோட எல்லாத்தையும் கண்டுபுடிச்சிட்டோம்னு நெனச்சிக்கிட்டோம்.

அழகேசன் அண்ணனுக்கு போன் பண்ணுனோம். அவருக்கும் மனசு உறுத்தாம இல்ல, ஆனா கட நடத்தறவரு. நேர்ல பாக்குறேன், ஒரு நெசமான ஆர்டரே எடுத்துட்டு வரேன், முடிச்சுக் காட்டுனா வூட்டுக்கே வேல அனுப்புறேன், முடியலன்னா என்னயத் தப்பா நெனக்காதீங்கன்னாரு. சனிக்கிழம வரதாப் பேச்சு. திங்கக்கிழம நான் பஸ் ஏறணும்.

சனிக்கிழம காலையிலேர்ந்து எனக்கு இருப்பு கொள்ளல. பேட்டரிய மாத்துறேன், மாத்துன பேட்டரியத் திரும்ப மாத்துறேன். அத்தை விடியக் கருக்கல்லயே பஸ் ஏறி ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டாங்க. வந்தவங்க என்கிட்ட ஒரு வார்த்த பேசல. நானும் கேக்கல.

அழகேசன் அண்ணன் வந்தாரு. பென் டிரைவுல ஒரு மஞ்சள் நீராட்டு ஆர்டரு. பொண்ணு படம், அம்மா அப்பா, தாய்மாமன் மூணு பேரு, சித்தப்பா, பெரியப்பா. சாயங்காலத்துக்குள்ள அடிச்சிக் குடுக்கணும்னுட்டு இவருக்குப் பக்கத்துல நாக்காலியப் போட்டு உக்காந்தாரு. நான் தொப்பிய மாட்டிவிட்டேன்.

அம்பு ஒரு பக்கம் ஓடுச்சு. இவரு தலயத் திருப்புனா அது கீழ்மூலைக்குப் போயி நின்னுக்கிட்டு நடுங்குது. நின்னா அழுத்திக்கும்னு சொன்னேன்ல, அதது தானா அழுத்திக்கிச்சு. பெரிய தாய்மாமன் படம் காணாமப் போச்சு. சித்தப்பா தல மட்டும் மேல போயி பொண்ணு கழுத்துல ஒக்காந்துச்சு. வேற நேரமா இருந்தா நான் விழுந்து பொரண்டு சிரிச்சிருப்பேன். இவரு நெத்தியில வேர்வ வழியுது, தொடைக்கக் கையில்ல, நான் முந்தானையால தொடச்சேன். பேட்டரிதாங்க, புதுசு வாங்கியாரேன்னேன். அழகேசன் அண்ணன் எங்க ரெண்டு பேரு மூஞ்சியவும் பாக்காம போனப் பாத்துக்கிட்டிருந்தாரு.

பேட்டரிய மாத்தியும் அதே கத. "இருக்கட்டும் தம்பி, ஒடம்பக் கெடுத்துக்காத"ன்னாரு அழகேசன் அண்ணன். அந்தக் கனிவுதான் எனக்குக் கத்தி வச்சாப்ல இருந்துச்சு. கதவோரம் பை நிக்கிது. திட்டுறதுக்கு ஆள் தேடுனேன். அந்த ரிமோட்டத் தூக்கி அடுப்புல போடறேன்னு சொல்லியே புட்டேன்.

இவரு தலய ஆடாம அசையாம வச்சிருந்தாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு, தொப்பியக் கழட்டுன்னு. கழட்டிட்டேன். தொப்பி என் கையில, பேட்டரியப் புடுங்கியாச்சு. அம்பு இன்னமும் மூலையில நின்னு நடுங்கிக்கிட்டிருக்கு. அது எதையோ தானா அழுத்தி, திரை முச்சூடும் கறுத்துப் போச்சு. நான் முடிஞ்சிதுன்னு நெனச்சேன். இவரு அந்தக் கறுப்பயே உத்துப் பாத்தாரு. வூடு போர்வ போட்டு இருட்டாக் கெடக்கு, பழைய கண்ணாடித் திர, அதுல அவரு மூஞ்சி தெரியிது, மூஞ்சிக்குப் பின்னாடி என்னமோ மினுங்குது.

"சுபா, எனக்குப் பின்னாடி என்ன எரியிது?"

திரும்பிப் பாத்தேன். செவுத்துல மாதா படம். படத்துக்குக் கீழ அத்தை மெழுகுதிரி ஏத்தி வச்சிருக்காங்க. நான் காலையிலேர்ந்து அதத் தாண்டித் தாண்டித்தான் போயிட்டு வரேன். கண்ணுல பட்டுச்சு, மனசுல படல. எங்க வூட்டுல மாதா முன்னாடி திரி எரியிறது யாரு கண்ணுக்கு ஒரு பொருளாத் தெரியும்? ஒத்திக பாத்த நாளெல்லாம் அது இல்ல, இன்னிக்கி முக்கியமான நாளுன்னு அத்தை ஏத்திட்டாங்க. நெருப்புலயும் அந்தக் காணாத வெளிச்சம் உண்டாம். ரிமோட்டு இவரு தொப்பிய விட்டுட்டு மாதா திரியப் பாத்துக்கிட்டிருந்துருக்கு.

பாஞ்சி போயி ஊதக் குனிஞ்சேன். அத்தை குறுக்க வந்து நின்னுட்டாங்க. அடைக்கல மாதா பாதத்துல வச்சு எடுத்தாந்த திரியாம். புள்ளைக்குன்னு நேந்து ஏத்துனதாம். தானா எரிஞ்சி அடங்கணும், வாயால ஊதி அணைச்சா வேண்டுனத நாமளே வேணாம்னு சொன்ன மாதிரி. இதயெல்லாம் அழகேசன் அண்ணன் இருக்காருன்னு கூடப் பாக்காம சொல்லி முடிச்சாங்க. ஒங்க நேத்தியாலதான் ஒங்க புள்ள பொழப்பே போவுதுன்னு எனக்கு நாக்கு வரைக்கும் வந்துச்சு. இவரு அதுக்குள்ள, "அம்மா, அணைக்க வேணாம். என் கண்ணுக்கும் இந்த ரிமோட்டு கண்ணுக்கும் படாம எடுத்துக்கிட்டுப் போ"ன்னாரு.

அத்தை திரிய ஒட்டியிருந்த தட்டுலேர்ந்து பேத்து எடுத்தாங்க. மெழுகு கையில வழிஞ்சிச்சு, ஒதறல. இன்னொரு கையால காத்துக்கு அணை குடுத்துக்கிட்டு, முட்டி வலியோட ஒவ்வொரு அடியா வாசல் தாண்டி வெளிய போனாங்க. நான் கதவ ஒருக்களிச்சிச் சாத்துனேன்.

பேட்டரியத் திரும்பப் போட்டு, கறுத்த திரைய எழுப்பிவிட்டேன். தொப்பிய மாட்டுனேன். அம்பு இவரு நெத்திய ஒட்டி வந்துச்சு. காணாமப் போன தாய்மாமன மீட்டாரு. சித்தப்பா தலய எறக்குனாரு. தாய்மாமன் மூணு பேரையும் ஒரே அளவுல வலப்பக்கம் நிறுத்துனாரு, அதுல மூத்தவர ஒரு துளி முன்னாடி விட்டாரு. கழுத்து நோவுறது எனக்குத் தெரியிது. நடுவுல ஒரு தடவ தல தொங்கிடுச்சு, நான் தாங்கிப் புடிச்சேன், ஆனா நகத்தல. நானே நகத்திட்டேன்னு ஆயிடக்கூடாதுல்ல. கதவு இடுக்குல பாத்தா அத்தை தெருவுக்கு முதுகக் காட்டி, கையக் குவிச்சு நெஞ்சோட வச்சிக்கிட்டு, வெயில்ல அப்படியே நிக்கிறாங்க. ஒக்காரவும் இல்ல.

கடைசியா பொண்ணு பேர எழுதி, பூவ வச்சு முடிச்சாரு. அழகேசன் அண்ணன் கிட்டக்க வந்து பாத்தாரு. ஒவ்வொரு மூஞ்சியா வெரல் வச்சுப் பாத்தாரு.

"நேரம் ஆவுது லியோ. ஆனா இது ஒன் கை வேலதான். திங்கக்கிழமையிலேர்ந்து அனுப்புறேன்."

இவரு தலயக் குனிஞ்சிக்கிட்டாரு. மூக்க உறிஞ்சறது மட்டும் கேட்டுச்சு. அழகேசன் அண்ணன் பென் டிரைவ எடுத்துக்கிட்டு அவசரமாக் கெளம்புனாரு, அவரு கண்ணும் சரியில்ல. வண்டி தெருவத் தாண்டுற வரைக்கும் நான் அந்தப் பையயே பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் அத்தை நெனப்பு வந்துச்சு.

வெளிய ஓடுனேன். அதே எடத்துல நிக்கிறாங்க. வேர்வையில சீலை ஒட்டிக் கெடக்கு. முடிஞ்சிதான்னு கேக்குற மாதிரி என்னயப் பாத்தாங்க. வேல குடுத்துட்டாங்க அத்தை, நான் போவலன்னேன். அவுங்க குவிச்ச கைய எடுத்தாங்க.

திரி அணைஞ்சிருந்துச்சு. நடு நூலு கறுத்து, மெழுகு கல்லா எறுகிப் போயிருந்துச்சு.

"வாசல் தாண்டுனதுமே காத்து அடிச்சிடுச்சுடி. நெருப்புப் பெட்டி உள்ள இருக்கு. எடுக்க வந்தா அவன் பாத்துடுவானே, மனசு விட்டுடுவானேன்னு அப்படியே நின்னுட்டேன்."

அணைஞ்ச திரிக்கு இவ்வளவு நேரம் கையக் குவிச்சு அணை குடுத்துக்கிட்டு நின்னுருக்காங்க. அவுங்க வெரல்ல காஞ்சி ஒட்டியிருந்த மெழுக நகத்தால பேத்து எடுத்தேன்.

உள்ளேர்ந்து இவரு கூப்புட்டாரு.

"அம்மா, திரி எரியிதாம்மா?"

அத்தை என்னயப் பாத்தாங்க. என் வாயத் தெரியும்ல அவுங்களுக்கு.

"எரியுதுங்க"ன்னேன் நான்.