இருங்கப்பா, ஒட்டுறேன்

டார்ச்சக்கா என்ற பெயர் அவளுக்கு அந்தத் தியேட்டரின் இருட்டில் ஒட்டிக்கொண்டது. படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களை டார்ச் அடித்து இருக்கைக்குக் கூட்டிப்போவது அவள் வேலை. வெளிச்சம் காலடியில் மட்டும் விழ வேண்டும். யார் யாரோடு வந்தார்கள் என்பது டார்ச்சுக்குத் தெரியலாம், தெருவுக்குத் தெரியக் கூடாது என்பாள். மேலே படம் ஓட்டுகிறவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். அவரைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை. யாராவது கேட்டால், "மேல இருக்கறவரு" என்பாள். புதிதாக வந்தவர்கள் அவளுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர்.

அந்தக் கட்டிடம் முதலில் மரக்கிடங்காக இருந்தது. நடுவில் நின்ற இரண்டு தூண்களை எடுத்தால் கூரை இறங்கிவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர்கள் பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு, மீதியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கூரை தகரம். மழை வலுத்தால் வசனம் கேட்காது. ஏற்கெனவே பார்த்தவர்கள் உரக்கச் சொல்வார்கள். மெஷினும் பழசு. சண்டை சூடுபிடிக்கிற நேரம் பார்த்துப் பிலிம் அறுந்து, திரை வெள்ளையாகும். அரங்கமே ஒரே குரலில், "ஆபரேட்டர்!" என்று கத்தும். மேலே சுவரில் இருந்த சதுர ஓட்டையிலிருந்து பதில் வரும்: "இருங்கப்பா, ஒட்டுறேன்!"

பிறகு பெரிய தியேட்டர்கள் வந்தன. பிலிம் பெட்டி வருவது நின்றது. முதலாளிக்கு இடிக்க மனசில்லை, நடத்த வழியில்லை, கதவைப் பூட்டிவிட்டார். டார்ச்சக்காதான் போய்ப் பேசி, சனிக்கிழமை மதியம் மட்டும் பிங்கோ, அதாவது கூப்பிடும் எண்களை அவரவர் டிக்கெட்டில் அடிக்கும் ஆட்டம், நடத்திக்கொள்வதாகச் சொல்லிச் சாவியை வாங்கினாள். அதற்கும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். எண் எழுதிய காய்களை முட்டை அட்டைகளில் வரிசையாக அடுக்கி, ஒன்றுகூடக் குறையவில்லை என்று பார்த்த பிறகுதான் கம்பிக்கூடையில் கொட்டுவாள். பென்சில்களைத் தானே சீவுவாள். குடை, பிளாஸ்க், சோப்புப் பெட்டி என்று பரிசுகளைத் திரைக்கு முன்னால் பரப்பி வைப்பாள். ஒவ்வோர் எண்ணுக்கும் தியேட்டரின் கதையிலிருந்தே பட்டப்பெயர் வைத்திருந்தாள். பதினொன்று வந்தால், "ரெண்டு தூணு". முப்பத்தொன்பது வந்தால், "மூட்டைப்பூச்சி வரிசை". தொண்ணூறு வந்தால், "படம் முடிஞ்சுது, எழுந்திரு".

ஆபரேட்டர் பழக்க தோஷத்தில் மேலேயே போய் உட்கார்ந்துகொள்வார். ஓடாத மெஷினுக்கு எண்ணெய் போடுவார். முதல் ஆட்டத்தில் எல்லா எண்ணையும் அடித்து முடித்தது தையற்காரி. சந்தோஷத்தில், ஜெயித்ததும் கத்த வேண்டிய "பிங்கோ" என்ற சொல் அவளுக்கு மறந்துபோனது. வாயில் வந்தது, "ஆபரேட்டர்!" மேலேயிருந்து உடனே, "இருங்கப்பா, ஒட்டுறேன்!" சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் புரையேறியது. அன்று முதல் அதுவே சட்டமானது. ஜெயித்தவர் அந்தச் சொல்லைக் கத்த வேண்டும், மேலேயிருந்து பதில் வர வேண்டும், அப்போதுதான் பரிசு. கையைத் தூக்கினால் செல்லாது.

போன மாதம் ஒரு காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் "அவரு" என்றார்கள், "உங்க வீட்டுக்காரர்" என்றார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவருடைய முழுப் பெயர் இருந்தது. யாரோ வேற்று மனிதருடையதுபோல் இருந்தது. வந்தவர்களில் ஒருவர்கூட அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று தங்கை தடுத்தும் கேட்காமல், சாவியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தியேட்டருக்கு வந்துவிட்டாள்.

எல்லோரும் வந்திருந்தார்கள். அவள் பென்சில்களைக் கொடுத்தாள், கூடையைச் சுற்றினாள். ரெண்டு தூணு சொன்னபோது யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஆட்டம் பாதியைத் தாண்டியதும் மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் அடுத்த காயை எடுத்தாள். தையற்காரியின் கையும் எழுந்தது. அடுத்த காய். இன்னொரு கை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை. கூடையில் காய்கள் குறைந்து, சுற்றும்போது சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. கடைசிக் காய் விழுந்தபோது எல்லோருடைய டிக்கெட்டும் நிறைந்திருந்தது. அரங்கம் முழுக்கக் கைகள்.

"ஏன், ஒருத்தருக்கும் வாயில்லையா?" என்று கேட்டாள்.

தையற்காரிதான் எழுந்தாள். "நாங்க பேசி வெச்சுக்கிட்டோம்க்கா. அந்த வார்த்தை வேணாம்னு. உங்களுக்குத் தாங்காதுன்னு..."

"வீட்ல அவர யாரு அப்படிக் கூப்பிட்டா? நானே கூப்பிட்டதில்ல. நீங்கதானே கூப்பிடுவீங்க." மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "அதக் கேக்கத்தான் வந்தேன். நீங்களும் சொல்லலன்னா நான் எங்கடி போய்க் கேப்பேன்?"

மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டிக்கெட்டை மடியில் வைத்தார். தையற்காரி மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். அவளோடு சேர்ந்து எல்லோரும் கத்தினார்கள். படம் அறுந்த நாட்களில் கத்தியதுபோலவே, தகரம் அதிர, "ஆபரேட்டர்!"

டார்ச்சக்கா கண்ணை மூடிக் கேட்டாள். கிடைத்துவிட்டது என்று ஒரு நொடி நினைத்தாள்.

பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பி மேலே பார்த்தன. அவளும் பார்த்தாள். சதுர ஓட்டை கறுப்பாக இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பதில் வரும் என்பதை இத்தனை நாளாக அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று ஏங்கியதில் அது மறந்துபோயிருந்தது. இப்போது அந்தப் பதில் வராத நேரம் நீண்டுகொண்டே போனது.

தலைகள் ஒவ்வொன்றாக முன்பக்கம் திரும்பின. தையற்காரி தன் டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அடித்த எண்கள் சரிதானா என்று உரக்கப் படித்துப் பார்ப்பது டார்ச்சக்காவின் வேலை. வாங்கினாள், கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீயே படிம்மா."

தையற்காரி படிக்கத் தொடங்கினாள். டார்ச்சக்கா முட்டை அட்டையை இழுத்து வைத்து, அவள் சொல்லச் சொல்லக் காய்களை அதனதன் குழியில் வைத்தாள்.