திங்கட்கிழமை றோட்டு எங்களுடையது

அந்த வருடம் பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்கு முந்திய இரண்டு வாரமும் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்கு உதவவில்லை. அதன்மேல் இலங்கை வரைபடம் ஒன்று விரிந்து கிடந்தது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

காரணம் வவுனியாவில் இருந்த மாமா. புதுவீடு கட்டி முடித்துக் குடிபூரலுக்கு நாள் வைத்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். அம்மாவும் அவரும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை. ஏன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, கேட்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். அழைப்பிதழ் வந்து மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் பிரிக்காமலே கிடந்தது. நான்காம் நாள் மாமி தொலைபேசியில் வந்தார். அம்மா அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டே நின்றார். வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"காலமை போய்ப் பின்னேரமே திரும்பிறதெண்டால் வாறன். ராத் தங்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கக் கூடாது."

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா வைத்த நிபந்தனை என் காதில் ஓட்டப்பந்தய அறிவிப்பாக விழுந்தது. போக வர ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல், ஒரே பகலில்! என் தம்பிக்கு ஆறு வயது. அவன் எங்கள் காரில் அதுவரை கண்ட மிகத் தூரதேசம், ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கல்கிசை.

அப்பா காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்தார். விபத்தில் நொறுங்கிய வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவருடைய தொழில். எந்த வளைவில், எந்த நேரத்தில், யார் யாரை இடிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் ஒரு பயணத்தைத் திட்டமிட்டால் அது சாதாரணத் திட்டமாக இருக்காது. வெசாக் அந்த முறை திங்கட்கிழமை வந்தது. சனி தொடங்கிச் செவ்வாய் வரை நாலு நாள் லீவு. கொழும்பே காலியாகி வீதியில் நிற்கும் என்று அலுவலகத்தில் பயமுறுத்தினார்களாம். அப்பா சிரித்தார்.

"போறவன் எல்லாம் சனிக்கிழமை போயிடுவான். வாறவன் எல்லாம் செவ்வாய்க்கிழமை வருவான். திங்கட்கிழமை றோட்டு எங்கட."

எனக்கு உடல் சிலிர்த்தது. நான் கொப்பியில் நேர அட்டவணை எழுதினேன். நாலு மணிக்குப் புறப்பாடு, நாலரைக்குப் பேலியகொடையில் அதிவேகப் பாதை, ஆறேகாலுக்குச் சிலாபம், ஏழேகாலுக்குப் புத்தளம். தம்பி வயிறு பிரட்டிச் சத்தி எடுப்பதற்கு இரண்டு இடத்தில் ஐந்தைந்து நிமிடம். அவன் அதை எதிர்த்தான், தான் எடுக்கப் போவதில்லை என்றான். அப்பா அவன் சொன்னதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தை அப்படியே வைத்திருக்கச் சொன்னார்.

கீழ்வீட்டு ஹாஜியார் மாதம் இருமுறை புத்தளம் போய் வருபவர். அவரிடமும் ஆலோசனை கேட்டோம். அவர் வரைபடத்தைப் பார்க்கவேயில்லை.

"டிரபிக் ஒரு பிரச்சினையே இல்ல. தன்சல்தான் பிரச்சினை. நீங்க வேணாம்னு சொன்னாலும் அவங்க உடமாட்டாங்க."

வெசாக்குக்குச் சிங்கள இளைஞர்கள் வீதியோரம் பந்தல் போட்டு, போகிற வருகிற வாகனங்களை மறித்து இலவசமாகச் சாப்பாடு கொடுப்பார்கள். அதுதான் தன்சல். என் வரையில் அது ஒரு பிரச்சினை அல்ல, சொர்க்கம். ஆனால் அப்பா, பத்து மணிக்கு முன்னர் தன்சல் தொடங்காது, ஒன்பதுக்கு நாங்கள் அனுராதபுரத்தைத் தாண்டிவிடுவோம் என்றார். சுபநேரம் பத்து இருபதுக்கு.

அன்று காலி வீதியை அப்படி வெறுமையாக நான் பார்த்ததே இல்லை. மூடிய கடைகளுக்கு முன்னால் காகித வெசாக் கூடுகள் மட்டும் பார்க்க ஆளில்லாமல் எரிந்துகொண்டிருந்தன. அதிவேகப் பாதையில் ஏறியதும் அப்பா கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கினார். காற்று விசிலடித்தது. நானும் தம்பியும் காரணமில்லாமல் சிரித்தோம். அம்மா முன்சீற்றில், மடியில் சரிகைத் தாளில் சுற்றிய குத்துவிளக்குடன் நேராக இருந்தார். அன்று காலையில் அவர் மூன்று சேலை மாற்றியிருந்தார். எங்களுடைய முதல் தாமதம் அதுதான், ஆறு நிமிடம். அதைச் சிலாபத்துக்குள் பிடித்துவிட்டோம். புத்தளத்தில் ஏழு நிமிடம் முந்தியிருந்தோம். நான் உரக்க அறிவித்தேன். அப்பா தலையாட்டினார், ஆனால் எதிர்பார்த்த அளவு மகிழவில்லை.

நொச்சியாகமையில் மாட்டினோம். அனுராதபுரத்துக்குப் போகும் பஸ்கள், வெள்ளை உடுப்புடன் ஜன்னல் நிறைய யாத்திரிகர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. ஹாஜியார் சொன்னதுதான் நடந்தது. எட்டு மணிக்கே ஒரு தன்சல் தொடங்கிவிட்டது. கொடியும் கையுமாக ஓர் இளைஞன் எங்கள் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தான்.

"அய்யே, கெந்த பீலா யன்ன."

கஞ்சி குடித்துவிட்டுப் போங்கள் என்கிறான். அப்பா கெஞ்சும் குரலில் சிங்களத்தில், மனைவியின் அண்ணன் வீட்டுக்குக் குடிபூரல், நெகத தவறிவிடும் என்றார். நெகத என்றால் சுபநேரம். அந்தச் சொல் செய்த வேலையை எந்த அட்டவணையும் செய்திருக்காது. இளைஞனின் முகம் மாறியது. கொடியைத் தூக்கிக்கொண்டு நடு வீதிக்கு ஓடினான்.

"நெகதட்ட யன கட்டியக்! இட தென்ன!"

சுபநேரத்துக்குப் போகிறவர்களுக்கு வழி விடுங்கள் என்ற அந்தக் கூவலை அடுத்த பந்தல்காரன் வாங்கி அதற்கடுத்தவனிடம் கொடுத்தான். பஸ்கள் ஓரம் கட்டின. யாரோ விசில் ஊதினார்கள். ஜனாதிபதி போவதுபோல எங்கள் பழைய வெள்ளைக் கார் நடுவால் போயிற்று. போகிற போக்கில் ஜன்னலால் ஒரு கப் இலைக்கஞ்சி உள்ளே வந்தது. தம்பி அதை ஒரே மூச்சில் குடித்தான். அதுவரை வாக்குத் தவறாமல் இருந்தவன், அனுராதபுரம் தாண்டியதும் ஒதுக்கிய பத்து நிமிடத்தையும் ஒன்றாகச் செலவழித்தான். அம்மாகூடச் சிரித்துவிட்டார். ஆறு வருடத்தில் வவுனியாத் திசையைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல்முறையாக இருக்கும்.

மதவாச்சி கடந்தோம். ஈரப்பெரியகுளத்துக்கு வந்தபோது பத்தாக எட்டு நிமிடம் இருந்தது. அங்கிருந்து மாமா வீடு பதினைந்து நிமிடம். நாங்கள் வென்றுவிட்டோம். நான் பின்சீற்றில் துள்ளிக்கொண்டிருக்க, அப்பா குளக்கட்டோரம் மருத மரம் ஒன்றின் கீழ் காரை நிறுத்தினார்.

"இறங்கும். ஒரு விஷயம் சொல்ல வேணும்," என்றார் அம்மாவிடம்.

"அங்க போய்ச் சொல்லுங்கோவன்."

"இல்லை. அங்க போக முந்திச் சொல்ல வேணும்."

இருவரும் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அப்பா பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துப் பேசினார். அம்மா முதலில் அவரைப் பார்த்து நின்றார். பிறகு குளத்துப் பக்கம் திரும்பிவிட்டார். பத்து மணி ஆயிற்று. பத்து ஐந்து. பஸ்களெல்லாம் விலகி வழிவிட்ட ஒரு சுபநேரத்தை, அப்பா ஒரு மரத்தடியில் வீணாக்கிக்கொண்டிருந்தார். பத்துப் பத்துக்கு நான் முன்சீற்றுக்கு ஏறிக் கடந்து ஹோர்ன் அடித்தேன், நீளமாக.

இருவரும் திரும்பினார்கள். அம்மாவின் முகத்தைக் கண்டதும் கையை எடுத்துவிட்டேன்.

அம்மா வந்தார். முன்கதவைத் திறக்கவில்லை. பின்னால் ஏறித் தம்பிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "நீ முன்னுக்கே இரு," என்றார். விளக்கை என் மடியில் வைத்தார். அப்பா மெதுவாக ஓட்டினார். விடியற்காலையிலிருந்து அவர் அவ்வளவு மெதுவாக ஓட்டவேயில்லை. நான் கோபத்தில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போனபோது பால் பொங்கி முடிந்து கற்பூரப் புகையும் அடங்கிவிட்டது. மாமா வாசல் படலையிலேயே நின்றார். உள்ளே சடங்கு நடக்க, அவர் இடையிடையே வெளியே வந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், மாமி பிறகு சொன்னார். அம்மா நேரே போய் அவர் முன்னால் நின்றார்.

"அண்ணை, நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

மாமா பதில் சொல்லுமுன் அம்மாவின் தோளுக்கு மேலால் அப்பாவைப் பார்த்தார். அப்பா காருக்குப் பக்கத்தில் சாவியைப் பிடித்தபடி நின்றார்.

"நீ ஒருத்தனோட கோவிச்சது போதும் எண்டு விட்டிட்டன்," என்றார் மாமா.

அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். மாமாவும் அழுதார். புது வீட்டு வாசலில் இரண்டு பெரியவர்கள் அழுவது எனக்கு வெட்கமாக இருந்தது. சரியான நேரத்தை மாமா சொல்லவில்லையென்றுதான் அம்மா கேட்கிறார் என்று நினைத்தேன். பத்து இருபது என்று அழைப்பிதழில் தெளிவாகப் போட்டிருந்ததே என்று இடையில் சொல்லவும் பார்த்தேன். மாமி என்னை இழுத்துப்போய் மோதகம் தந்தார்.

சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும். நான் ஐந்து நிமிடம் முந்தியே காரடியில் நின்றேன். அம்மா சேலை மாற்றி, மாமியின் பருத்திச் சேலையில் வந்தார்.

"நானும் தம்பியும் நிக்கிறம். நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவளுக்குப் புதன்கிழமை சோதினை."

அப்பா "ஓம்," என்று மட்டும் சொன்னார். எனக்கோ சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. இரவு தங்கமாட்டேன் என்று சொன்ன அதே அம்மா தானாகத் தங்குகிறார்! தாமதமாகப் போயும் எங்கள் பயணம் வென்றுவிட்டது. அதற்கும் மேலாக, கொழும்பு வரை முன்சீற் எனக்கு.

திரும்பும் வழியில் அப்பா சொன்னதுபோலவே வீதி எங்களுடையதாக இருந்தது. ஆனால் அவர் ஒவ்வொரு தன்சலிலும் நிறுத்தினார். மறிக்காத இடத்திலும் நிறுத்தினார். மரவள்ளிக் கிழங்கும் சம்பலும், கடலை, நூடில்ஸ், இரண்டு இடத்தில் ஐஸ்கிறீம். தன்னுடையதையும் எனக்கே தந்தார். ஆறு மணிக்குச் சிலாபத்தில் இருக்க வேண்டியவர்கள் புத்தளத்தைக்கூடக் காணவில்லை.

"அப்பா, பிந்தப் போகுது," என்றேன்.

"பரவாயில்லை, குஞ்சு. நீ சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். சாப்பிடாத நேரமெல்லாம் பேசினேன். அடுத்த லீவுக்கு எங்கே போகலாம், எத்தனை மணிக்குப் புறப்படலாம், திருகோணமலைக்கு ஒரே நாளில் போய் வரலாமா. அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

பல வருடத்துக்குப் பிறகு என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, கட்டிலை விட்டு அசையக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்போது பக்கத்தில் இருந்து அம்மா சொன்னார். தம்பி வயிற்றில் இருந்தபோது அவருக்கும் அதே நிலைமை. அந்த மாதம்தான் வவுனியாவில் அவருடைய அப்பா இறந்துபோனார். மாமா உடனே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். எடுத்துப் பேசியது என் அப்பா. பிள்ளை பிறக்கும் வரை சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்ததும் அப்பாதான். தம்பி பிறந்து, செத்தவீடு எல்லாம் எப்போதோ முடிந்த பிறகு அம்மாவுக்குத் தெரியவந்தபோது, மாமா அதைத் தன்னுடைய முடிவு என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். அம்மாவின் கோபம் முழுவதும் அவர்மேல் போயிற்று. ஒரு கிழமை கழித்து உண்மையைச் சொல்லலாம் என்று அப்பா இருந்தாராம். அந்த ஒரு கிழமை ஆறு வருடமாகிவிட்டது.

குடிபூரலுக்குப் போன அந்த முறை, அம்மா எட்டாம் நாள் காலை றெயினில் வந்தார். கோட்டை ஸ்டேசனுக்கு நானும் அப்பாவும் ஒரு மணி நேரம் முந்திப் போய் நின்றோம். தம்பி முதலில் குதித்தான். அம்மா இறங்கியதும் பையை அப்பா நீட்டிய கையில் கொடுத்தார். கொடுக்குமுன் கொஞ்சம் யோசித்தார்போல இருந்தது. அது பாரத்தினால் என்று நினைத்தேன்.

"ஒரு நாள்கூட நிக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு எட்டு நாள் நிண்டிட்டீங்களே," என்று நான் பகிடி பண்ணினேன்.

"அண்ணையோட கதைக்க ஆறு வருசக் கதை இருந்தது," என்றார் அம்மா.

எனக்கு அது போதுமாக இருந்தது. ஆறு வருடத்துக்கு எட்டு நாள் என்பது நியாயமான கணக்காகவே பட்டது. அந்த எட்டு நாளில் மாமாவுக்கு எத்தனை நாள், அப்பாமேல் வந்த கோபத்துக்கு எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.