பரிசுக்காகப் பிடித்த படம்

கட்டிய மனைவியை முதுகுப் பக்கமாகப் பார்த்தால் அடையாளம் தெரியாத முட்டாள் நான். முன்பக்கமாகப் பார்க்கும்போதும் பாதி நாள் தலையைக் குனிந்துகொள்கிறவன்தான். அது வேறு கதை.

போக்குவரத்து விதியை மீறுகிறவர்களைப் படம் எடுத்து அனுப்பினால் பரிசு உண்டு என்று அறிவிப்பு வந்திருந்தது. உப்பு லாரிகளையும் துறைமுகத்து கன்டெய்னர்களையும் வெறுமனே பார்த்துக் கிடந்த என் கண்ணுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு ஞாயிறு காலையில் திரேஸ்புரம் மீன்பிடித் துறைப் பக்கம் போய், டீக்கடை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி, அதன் மேலேயே தூண்டில்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சிக்கியது. ஒரே பைக்கில் மூன்று பேர். ஓட்டுகிறவருக்கு ஹெல்மெட் இல்லை, பெட்ரோல் டாங்க் மேல் தெர்மோகோல் மீன்பெட்டி. பின்னால் வெயிலுக்கு முக்காடு போட்ட இரண்டு பெண்கள். கைபேசியைத் தூக்குவதற்குள் கடந்துவிட்டார்கள், முதுகுகள்தான் விழுந்தன. ஆனால் நம்பர் தெளிவு. அது யார் வண்டி என்று எனக்கு எங்கே தெரியும்? என் வண்டி நம்பரையே குனிந்து பார்த்துத்தான் சொல்வேன். அனுப்பிவிட்டு, பெருமைக்கு இன்னொரு டீ குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் விளைமீன் குழம்பு. மனைவி, அவள் அண்ணன், அண்ணன் மனைவி மூவருமாக மீன் ஏலத்துக்குப் போய் வாங்கி வந்ததாம். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அப்போதும் மூளை அசையவில்லை.

சில நாள் கழித்து மாடியிலிருந்து மைத்துனர் இறங்கி வந்தார். வீடு அவருடையது; கீழே நாங்கள் வாடகைக்கு. வெளியே போக இருப்பது ஒரே கேட். அதை அடைத்து நாற்காலியைப் போட்டார்.

"மாப்ளே, எவனோ படம் எடுத்து எனக்கு அபராதம் வாங்கித் தந்திருக்கான். எவனா இருந்தாலும் அவன் குடியிருக்க வீட்டக் காலி பண்ண வச்சிட்டுத்தான் மறுவேல. நீங்க செல்போன்ல கெட்டிக்காரரு. கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"அதெல்லாம் கண்டுபிடிக்கது கஷ்டம் மச்சான்."

"மெதுவாப் பாருங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

அபராதத்தோடு வந்திருந்த படத்தைப் பெரிதாக்கி, என்னையே நான் துப்பறிய ஆரம்பித்தேன். கண்டும் பிடித்தேன். படத்தின் ஓரத்தில் என் ஸ்கூட்டர் கண்ணாடி. அதில் ஆயுத பூஜைக்கு மனைவி கட்டிவிட்டு, நான் இன்னும் அவிழ்க்காத ரோஸ் ரிப்பன். சட்டென்று கட்டைவிரலால் மறைத்தேன்.

"நான் எப்படி விழுந்திருக்கேன்னு பாப்பம்," என்று மனைவி வந்து என் விரலைத் தள்ளினாள். கடைசியாக உட்கார்ந்திருந்தவளின் சேலை, பொங்கலுக்கு நானே எடுத்துத் தந்தது. அவள் சேலையைப் பார்க்கவில்லை. ரிப்பனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க மேல போங்கண்ணே. ஆள் யாருன்னு இவுக சொல்லாம எங்க போயிரப் போறாக?"

அவர் செருப்புச் சத்தம் மாடிப்படி ஏறி முடியும்வரை காத்திருந்தேன். அப்புறம் கெஞ்சினேன்: "ஏளா, அண்ணன்ட்டச் சொல்லிர மாட்டேல்லா?"

"பரிசு வரட்டும், பாப்பம்."